லூதியானாவுக்கு வேலைக்குப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும் வரை கவனிக்கும் வேலை) இருக்கிறேன். பஞ்சாபில் உள்ள லூதியானாவில் ஒரு ஸ்வெட்டர் கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த ஊர் எதை நம்பி ஓடுகிறது? போனால் நிலைக்க முடியுமா? அம்மா வேண்டாம் என்கிறார்.

பதில்: போங்க தம்பி. ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: பிப்ரவரி, மார்ச்சில் உங்களிடம் என்ன வேலை ஓடும்?

ஏன் என்றால் ஸ்வெட்டர் தொழிலே குளிரை நம்பியது. வெயில் காலத்திலேயே பின்ன ஆரம்பித்து, குளிருக்கு முன்னால் வெளியூர் வியாபாரிகளுக்குச் சரக்கைத் தள்ளிவிடுவார்கள், அந்த வருஷம் குளிர் தாமதமாக வந்தால் சரக்கு குடோனில் தேங்கும், அடுத்த சீசன் ஆர்டரும் அடிவாங்கும். வெயில் காலத்துக்கு டி-ஷர்ட்டும் செய்கிற கம்பெனி என்றால் தைரியமாகப் போகலாம். ஸ்வெட்டர் மட்டும்தான் என்றால், சம்பளம் பன்னிரண்டு மாதமும் முழுசாக வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையும் வேறு மாதிரி. நம் ஊரில் வட்ட மெஷினில் துணியாக ஓட்டி, வெட்டித் தைக்கிறோம். அங்கே ஃப்ளாட் மெஷினில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று அளவுக்கே தனித்தனியாகப் பின்னி எடுப்பார்கள், அப்புறம் லிங்கிங் மெஷினில் கழுத்துப்பட்டியின் ஒவ்வொரு கண்ணியையும் (நூல் வளையத்தையும்) ஊசிமுனையில் கோத்து உடம்போடு இணைப்பார்கள். ஒரு கண்ணி தவறினாலும் பிரிந்துகொண்டே போகும். இதைக் கற்றுக்கொண்டு திரும்பினால் உங்கள் மதிப்பே வேறு, நான் போகச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

ஊர் ஸ்வெட்டரை மட்டும் நம்பியில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தியாவில் தயாராகும் சைக்கிள்களில் பெரும்பகுதி லூதியானாவில் இருந்துதான் வருகிறது. பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட கமாலியா என்ற ஊரைச் சேர்ந்த முஞ்சால் சகோதரர்கள், சைக்கிள் உதிரிபாக வியாபாரத்தில் ஆரம்பித்து 1956-இல் ஹீரோ சைக்கிள்ஸ் தொடங்கியது இங்கேதான். பெரிய கம்பெனிகளைச் சுற்றி பெடல், செயின், ரிம் என்று ஆளுக்கொரு பாகம் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் ஏராளம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் மாநில அரசுகளின் டெண்டர் வந்தால் அத்தனை பேருக்கும் கை நிறைய வேலை. தையல் மெஷின், வண்டி உதிரிபாகங்களும் உண்டு.

கம்பெனியின் சாயவேலை எங்கே நடக்கிறது, கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். 2011-இல் கழிவுநீர் வழக்கில் நீதிமன்ற உத்தரவால் நம் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எத்தனை குடும்பம் தவித்தது என்று உங்களுக்கே தெரியும். சட்லஜ் ஆற்றில் போய்ச் சேரும் புட்டா நாலா என்ற ஓடை அங்கே சாயக்கழிவால் கறுத்துக் கிடக்கிறது, அதன்மேல் வழக்கும் போராட்டமும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

இந்திக்குப் பயப்பட வேண்டாம். பீகார், உத்தரப்பிரதேசத் தொழிலாளர்களோடுதான் அங்கேயும் வேலை, திருப்பூரில் பழகிய இந்தியே போதும். ஜனவரிக் குளிர்தான் கடுமை, தங்க இடம் கம்பெனியே தருமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.