இ-கேட்ஹெரின் இல்லை, ஆனால் மரபணு சரி: எது தவறு?

தென்காசித் தம்பிக்கு,

அம்மாவின் மார்புக்கட்டியில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இ-கேட்ஹெரின் புரதம் இல்லை, இரத்தப் பரிசோதனையில் அதை உருவாக்கும் சிடிஎச்1 மரபணு பழுதில்லை, எந்த ஆய்வகம் தவறு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். இரத்தம் காட்டுவது பிறப்பில் வந்த மரபணுவை. கட்டிக்குள் பின்னால் நடந்ததை அது சொல்லாது. அங்கே பெரும்பாலும் அந்த மரபணுவே பழுதாகியிருக்கும். சில கட்டிகளில் மரபணு எழுத்து ஒன்றும் மாறாமல், மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் என்னும் சிறு வேதிக் குறிகள் ஒட்டி அதன் வாயை அடைத்துவிடலாம். எப்படியானாலும், பாவுநூல் உருவிய பத்தமடைப் பாய்க் கோரைபோலச் செல்கள் பிரிந்து, ஒற்றை வரிசையில் நகரும். இப்படி இ-கேட்ஹெரினை இழக்கும் லோபுலர் வகை மார்பகப் புற்றுநோய், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயில் சில நேரம் தெளிவாகத் தெரியாததும் இதனால்தான்.

மெத்திலை நீக்கும் அசாசிடிடின் இரத்த நோய்களுக்கான மருந்து; அதைத் தேடி அலைய வேண்டாம். கட்டியின் அறிக்கையில் ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) வரிகளைப் பாருங்கள், சிகிச்சையைப் பெரிதும் தீர்மானிப்பவை அவை. சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டைக்குப் போகும்போது, ஆய்வகத்தில் திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.