பாலத்தடியில் தானாகப் பிரேக் பிடிக்கும் கார்: அந்த வசதியை அணைத்துவிடலாமா?

அணைத்துவிட வேண்டாம், முதலில் சாலையைப் பார்த்துத் தானியங்கி பிரேக்குக்குத் தகவல் தரும் கேமராவைச் சோதியுங்கள். முன்னால் எந்த வண்டியும் இல்லாதபோது மேம்பாலத்தடியில் இரண்டு முறை பிரேக் பிடித்தது என்றும், முன் கண்ணாடியை மாற்றிய பிறகே இது தொடங்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது செய்திதான் முக்கியமானது.

இவ்வகைக் கேமரா பெரும்பாலும் முன் கண்ணாடியின் உட்புறத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கும். அதன் கோணம் ஒரு டிகிரி பிசகினாலே 100 மீட்டர் தொலைவில் பார்வை ஏறத்தாழ 1.75 மீட்டர் விலகிவிடும். கேமராவுக்குத் துணையாக உள்ள ரேடார் தூரத்தையும் வேகத்தையும் நன்றாக அளக்கும் என்றாலும், பல வண்டிகளில் அது உயரத்தைச் சரியாகப் பிரித்தறிவதில்லை என்பதால், பாலத்தின் இரும்பு விட்டம் தலைக்கு மேல் இருக்கிறதா, சாலையில் குறுக்கே நிற்கிறதா என்பதைத் தெளிவுபடுத்தும் பொறுப்பு பெரும்பாலும் கேமராவின்மீதே விழுகிறது.

1. கண்ணாடி மாற்றிய இடத்தில் கேமராவுக்குக் காலிபரேஷன் (அதன் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது) செய்தார்களா என்று கேட்டு, அதன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள்.

2. வெளியே நின்று கேமராவுக்கு நேரெதிரே உள்ள கண்ணாடிப் பகுதியைக் கவனியுங்கள். என் வண்டியில், கழுவிய பிறகும் விரல்நுனி அளவுக்குப் பிசின் அங்கே ஒட்டியிருந்தது. அதைத் துடைத்ததும் தேவையற்ற எச்சரிக்கைகள் நின்றுவிட்டன.

இவை சரியான பின்னரும் கனமழையிலும் எதிர்வெயிலிலும் தவறு நேரலாம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வில், தானியங்கி பிரேக் உள்ள வண்டிகள் முன்செல்லும் வண்டியின் பின்புறம் மோதுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது என்பதால்தான் அணைக்க வேண்டாம் என்கிறேன். ஆயினும் பின்னால் வண்டிகள் வரும்போது மீண்டும் பலமாகப் பிரேக் பிடித்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.