டாம் டூலி பாட்டை முதலில் பதிவுசெய்த இருவர்

ஒரு வட்டாரக் கதையைத் தங்கள் பாட்டால் ஊரறியச் செய்த கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) இசை இரட்டையர் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: ஜி. பி. கிரேசன், ஹென்றி விட்டர்.

கதை அமெரிக்காவின் வட கரோலினாவில், வில்க்ஸ் என்ற மலைப்பாங்கான மாவட்டத்தில் நடந்தது. 1866-இல் லாரா ஃபாஸ்டர் என்ற இளம்பெண் காணாமல் போனாள். பிறகு அவள் உடல், கத்திக்குத்துக் காயத்தோடு, புதைத்த இடத்திலிருந்து கிடைத்தது. அவளுடைய காதலனும், அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பியிருந்தவனுமான டாம் டூலா மீது பழி விழுந்தது. ஊர்ப் பேச்சில் அவன் பெயர் டூலி. முன்னாள் ஆளுநர் ஜெபுலான் வான்ஸே அவனுக்காக வாதாடியும் பலனில்லை. 1868 மே 1 அன்று ஸ்டேட்ஸ்வில்லில் தூக்கிலிட்டார்கள். கொன்றது அவனா, அவனுடைய இன்னொரு காதலி ஆன் மெல்ட்டனா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இந்தக் கதையைச் சொல்லும் ‘டாம் டூலி’ என்ற பாட்டை முதன்முதலில் இசைத்தட்டில் பதிவுசெய்தவர்கள் இவ்விருவர்தான், 1929-இல், விக்டர் நிறுவனத்துக்காக. விட்டர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், கிட்டார் அவருடையது. பாடிக்கொண்டே ஃபிடில் (நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலின்) வாசிப்பவர் கிரேசன். அவருக்குக் கண் பார்வை மிகக் குறைவு.

என்னை உலுக்கும் செய்தி ஒன்று உண்டு. பக்கத்து மாநிலமான டென்னசிக்குத் தப்பியோடிய டூலா, வேறு பெயரில் வேலைக்குச் சேர்ந்தது ஜேம்ஸ் கிரேசன் என்பவரின் பண்ணையில். அவனைப் பிடிக்க உதவியவரும் அவரே. பாடகர் கிரேசன் அதே குடும்பத்தவர்! பாட்டிலும் அந்தப் பெயர் வருகிறது: கிரேசன் மட்டும் இல்லையென்றால் நான் டென்னசியில் இருந்திருப்பேன் என்று டூலா புலம்புகிறான். தன் குடும்பப் பெயரைக் குற்றம் சொல்லும் அடியை, சாகப்போகிறவனின் வாயாக இருந்து ஒருவர் பாடுகிறார். குரலில் தயக்கமே இல்லை.

பாட்டு உலகம் முழுக்கப் பரவியது 1958-இல் கிங்ஸ்டன் ட்ரியோ என்ற மூவர் குழு பாடிய பிறகு. அது ஃபிராங்க் ப்ராஃபிட் என்ற மலைநாட்டுப் பாடகர் வழியாக வந்த வடிவம். அதில் டூலி கொலையை ஒப்புக்கொள்கிறான். கிரேசன் பாடும் டூலியோ, அவள் தலைமுடியைக்கூடத் தொடவில்லை என்கிறான். எனக்கு இந்த டூலிதான் நெருக்கமானவன். 1930-இல் சாலை விபத்தில் கிரேசன் இறந்துபோனார். பாட்டின் 1958 வெற்றியை அவர் பார்க்கவில்லை.

கேட்பதாக இருந்தால் 1929 பதிவை முதலில் கேளுங்கள். என் பழைய வயலினை எடுத்து ஆசை தீர வாசியுங்கள், நாளை இந்நேரம் அது எனக்கு உதவாது என்று டூலி சொல்லும் இடம் வரும். பழைய இசைத்தட்டின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து கிரேசனின் ஃபிடிலும் எழும்.