கிரஷருக்கும் அரிசி ஆலைக்கும் ஒரே கன்வேயர் பெல்ட்டைப் போடலாமா?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. தொழிற்சாலைகளில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளில் எத்தனை வகைகள் உண்டு, அவை எங்கெங்கே பயன்படுகின்றன என்பது ஒன்று. கல் கிரஷருக்கு வாங்கும் பெல்ட்டையே அரிசி ஆலைக்கும் போட்டுவிடலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்குக் ‘கூடாது’ என்பதே என் பதில். அதற்கான காரணங்களைச் சொல்லிக்கொண்டு போனால் முதல் பகுதிக்கான விடையும் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். சிமென்ட் ஆலையிலும் அனல் மின் நிலையத்திலும் பெல்ட் பராமரிப்புப் பணியில் இருந்தவன் என்ற முறையில், விற்பனையாளர்களின் பட்டியல் வரிசையை விட்டுவிட்டு, ஒரு பெல்ட் எதனால் வீணாகிறது என்ற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

புதிய ரப்பர் பெல்ட்டின் வெட்டுத்துண்டு ஒன்று கிடைத்தால் அதன் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். மேலே ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு ரப்பர் இருக்கும். அதன் கீழே மெல்லிய ரப்பர் படலங்களுக்கு இடையில் மூன்று அல்லது நான்கு வெளிர்நிறத் துணி அடுக்குகள் இருக்கும். அடியில் மீண்டும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ரப்பர் இருக்கும். இழுவிசையைத் தாங்குவது துணி; அந்தத் துணியைக் காப்பது மட்டுமே ரப்பரின் வேலை. சந்தையில் நீங்கள் கேள்விப்படும் வகைப் பெயர்களில் பெரும்பாலானவை, உள்ளே இருக்கும் துணி மாறுவதாலோ மேலே இருக்கும் ரப்பர் மாறுவதாலோ வந்தவை. இவ்விரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துப் பார்க்காமல் ‘நல்ல தடிமனான பெல்ட்டாகக் கொடுங்கள்’ என்று கேட்பதுதான் பணம் விரயமாவதற்கு முதற்காரணம்.

துணியிலிருந்து தொடங்குவோம். முற்காலத்தில் பருத்தித் துணியே உள்ளே இருந்தது. ஈரம் பட்டால் மக்கிவிடும் என்பதால் அது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இன்று அதிகம் விற்பவை இரண்டு. நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் நைலான் நூலால் நெய்தது என்.என். என்றும், நீளவாட்டில் பாலியெஸ்டரும் குறுக்குவாட்டில் நைலானும் கொண்டது ஈ.பி. என்றும் அழைக்கப்படுகின்றன. நைலான் நீண்டு கொடுக்கும். ஆகவே பெரிய கற்கள் விழும் அடியை உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் அதே காரணத்தால் கன்வேயர் நீளமானால் அடிக்கடி தொய்வு எடுக்க வேண்டியிருக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, ஈரத்தாலும் பாதிக்கப்படாது. எனவே நடுத்தர நீளமுள்ள கன்வேயர்களுக்கு ஈ.பி. பெல்ட்டே பொருத்தமானது. பெல்ட்டின் மீது ‘ஈ.பி. 630/4’ என்று பொறித்திருந்தால், அதில் நான்கு பிளை, அதாவது நான்கு துணி அடுக்கு இருக்கிறது, அகலத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் 630 நியூட்டன் வரை தாங்கி அதன் பிறகே அறும் என்று பொருள். ஒரு மீட்டர் அகலப் பெல்ட் என்றால் கணக்குப்படி ஏறத்தாழ 64 டன் இழுவிசை வரை தாங்க வேண்டும். ஆனால் ஜாயின்ட், புல்லி வளைவு, சுமையோடு கிளப்பும்போது ஏற்படும் வெட்டிழுப்பு எல்லாவற்றையும் கருதி அதில் பத்தில் ஒரு பங்கையே ஓடும் சுமையாக வைத்துக்கொள்வது வழக்கம்.

நீளம் கிலோமீட்டர் கணக்கில் போகும்போது துணி போதாது. அங்கே எஃகுக் கம்பிவட பெல்ட் வருகிறது. துணிக்குப் பதிலாக மெல்லிய எஃகு வடங்கள் நீளவாட்டில் இணையாக ரப்பருக்குள் பதிக்கப்பட்டிருக்கும். துணிப் பெல்ட்டுக்கு, கன்வேயர் நீளத்தில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை தொய்வு எடுக்க இடம் விட வேண்டும். கம்பிவடத்துக்குக் கால் சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும். ஒரு கிலோமீட்டர் கன்வேயரில் இது பதினைந்து, இருபது மீட்டருக்கும் இரண்டு, மூன்று மீட்டருக்கும் உள்ள வேறுபாடு. நெய்வேலி சுரங்கங்களில் வாளிச்சக்கர இயந்திரங்கள் வெட்டும் மேல்மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் இடைவிடாமல் கொண்டுபோவது இத்தகைய அகன்ற பெல்ட்டுகளே. மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து எல்லை தாண்டி வங்கதேசத்தின் சாத்தக் சிமென்ட் ஆலைக்குச் செல்லும் கன்வேயர் சுமார் 17 கிலோமீட்டர் நீளம் கொண்டது. மேற்குச் சகாராவில் பூ கிரா சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குப் பாஸ்பேட் கொண்டுவரும் கன்வேயர் தொடரின் மொத்த நீளம் 98 கிலோமீட்டர்.

கம்பிவட பெல்ட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதை வாங்குவோர் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண வடிவமைப்பில் அதற்குக் குறுக்குவாட்டு நெசவு கிடையாது. நிலக்கரியோடு வந்த இரும்புக் கம்பி ஒன்று, சரக்கு பெல்ட்டில் இறங்கும் சரிவுத்தொட்டியின் வாயில் சிக்கி நுனி பெல்ட்டில் இறங்கிவிட்டால், பெல்ட் நிற்கும்வரை அது நீளவாட்டில் கிழித்துக்கொண்டே போகும். ஒரு நிமிடம் கவனிக்காமல் விட்டால்கூட நூற்றுக்கணக்கான மீட்டர் இரண்டு பட்டையாகிவிடும். ஆகவே அத்தகைய கன்வேயருக்கு முன்னால் காந்தப் பிரிப்பானும், பெல்ட்டிலேயே பதித்த கிழிசல் உணரிகளும் வைக்கும் செலவைத் தவிர்க்கப் பார்க்கக் கூடாது.

இனி ரப்பருக்கு வருகிறேன். தேய்மானமும் வெட்டுக்காயமும் வெவ்வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜெர்மன் தரநிலையில் டபிள்யூ தர ரப்பரின் இழுவலிமை 18 மெகாபாஸ்கல், தேய்மானம் 90 கன மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எக்ஸ் தரத்துக்கு இழுவலிமை 25, தேய்மானம் 120. இழுவலிமை எண்ணை மட்டும் மேலோட்டமாகப் பார்த்தால் எக்ஸ் உயர்ந்தது என்று தோன்றும்; தேய்மான எண்ணோ குறைவாக இருப்பதே நல்லது. ஆனால் மணல், எம்-சாண்ட் போன்று அராவிக்கொண்டே போகும் பொடிக்கு டபிள்யூ தான் நீடித்து உழைக்கும். கூர்முனையுள்ள பெரிய கற்கள் விழும் இடத்துக்கு எக்ஸ் பொருந்தும். நம் நாட்டுத் தரநிலையான ஐ.எஸ். 1891-இல் எம்24, என்17 என்று வருபவையும் முதன்மையாக இழுவலிமையையே குறிக்கின்றன. எனவே கிரஷர் வைத்திருப்பவர் தாடை கிரஷருக்குக் கீழே உள்ள முதல் பெல்ட்டையும், சலித்த ஜல்லியைக் குவிக்கும் கடைசிப் பெல்ட்டையும் ஒரே தரத்தில் வாங்க வேண்டியதில்லை. முதலாவதற்கு நைலான் துணியும், எட்டு மில்லிமீட்டர் வரை மேல்கவரும் (மேல் ரப்பர்), அடியில் ரப்பர் வளையங்கள் கோத்த ஐட்லர்களும் (பெல்ட்டைத் தாங்கும் உருளைகள்) தேவை; கடைசிப் பெல்ட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் மேல்கவரே தாராளம்.

வெப்பம் இதைவிடக் கடுமையான எதிரி. பன்னாட்டுத் தரநிலை, வெப்பம் தாங்கும் பெல்ட்டுகளை 100, 125, 150 டிகிரி எனப் படிப்படியாகப் பிரிக்கிறது, கீழ்ப்படிகளுக்கு எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பரும் மேல்படிகளுக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரும் பயன்படுகின்றன. ஆனால் வெறும் டிகிரியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே வெப்பநிலையில் பெரிய கட்டிகளைவிடப் பொடியே பெல்ட்டை அதிகம் சேதப்படுத்தும். ஏனெனில் கட்டி சில புள்ளிகளில் மட்டும் தொடுகிறது, பொடியோ முழுப் பரப்பையும் தொட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. சூட்டில் வெந்த மேல்கவர் முதலில் கெட்டியாகும், பிறகு புல்லியில் வளையும்போதெல்லாம் குறுக்குவாட்டில் வெடிப்பு விடும், கடைசியில் பிளைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். சூடான சரக்கோடு பெல்ட் நின்றுபோவது எல்லாவற்றிலும் மோசம். பத்து நிமிட நிறுத்தத்தில் ஏற்படும் சேதம் பல நாள் ஓட்டத்தின் சேதத்துக்குச் சமமாகிவிடும். சிமென்ட் ஆலையில் சூளையில் சுட்ட கட்டிகளான கிளிங்கர், அதை ஆற்றும் கூலரிலிருந்து வரும்போது அதற்குப் பெரும்பாலும் ரப்பர் பெல்ட்டே போடாமல், இரும்புத் தட்டுகளாலான பேன் கன்வேயர் வைப்பதன் காரணம் இதுதான்: கூலர் சரியாக ஓடாத நாளில் உள்ளே தணல் மாறாத கட்டிகள் வந்துவிடும், அதை எந்த ரப்பரும் தாங்காது.

தீயைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில், சரக்கு மாறும் இடத்தில் கிழிந்த ரப்பர் பெல்ட் சிக்கி, உராய்வால் தீப்பிடித்து, அந்தப் புகையில் 80 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகே நிலத்தடிச் சுரங்கங்களில் தீப்பற்றாத பெல்ட் கட்டாயம் என்ற நிலை வந்து, பி.வி.சி. ஊட்டிய முழுநெசவுப் பெல்ட்டுகள் பரவின. இவற்றில் தனித்தனிப் பிளைகள் கிடையாது. முழுக் கனமும் ஒரே நெசவாக இருப்பதால் அடுக்குப் பிரியும் சிக்கலே இல்லை. மதுரையில் ஃபென்னர் நிறுவனம் தயாரிப்பது இந்த வகைதான். தீ எதிர்ப்புப் பெல்ட்டைச் சோதிக்கும்போது சுடரில் காட்டி அது தானாக அணைகிறதா என்று பார்ப்பதோடு, நின்றுபோன பெல்ட்டின் அடியில் உருளையைச் சுழலவிட்டு, பெல்ட் அறும்வரை சுடரோ தணலோ வராமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நிலைமின் ஏறித் தீப்பொறி பறக்காதபடி பெல்ட்டின் மின்தடை 300 மெகாஓமுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. தூத்துக்குடி போலத் துறைமுகத்திலிருந்து மின் நிலையத்துக்கு நிலக்கரி வரும் நிலத்தின்மேல் கன்வேயர்களுக்கும் தீ எதிர்ப்புத் தரமே முறையானது. மூடிய கூண்டுப் பாதைக்குள் தீப்பிடித்தால் அது புகைபோக்கி போலவே செயல்படும்.

வடிவத்தால் மாறும் பெல்ட்டுகளும் சில உண்டு. வழுவழுப்பான பெல்ட்டில் சரக்கை ஏறக்குறைய 18 டிகிரி சரிவு வரையே ஏற்ற முடியும்; உருண்டை ஜல்லி அதற்கு முன்பே உருளத் தொடங்கும். அதற்கு மேல் சரிவு வேண்டுமானால் ‘வி’ வடிவ மேடுகள் வார்த்த செவ்ரான் பெல்ட்டைப் போட்டு 30 டிகிரி வரை போகலாம். ஆனால் அந்த மேடுகளால் திரும்பும் பக்க ரோலர்கள் அதிரும், ஒட்டிய சரக்கைச் சுரண்டியெடுக்கும் ஸ்கிரேப்பரும் வைக்க முடியாது. ஆகவே ஒட்டும் ஈரச் சரக்குக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பக்கச் சுவரும் குறுக்குத் தடுப்பும் உள்ள பெல்ட் செங்குத்தாகவே ஏறும். ஆறு ரோலர்களுக்கு நடுவே பெல்ட்டைக் குழாயாகச் சுருட்டி ஓட்டும் பைப் கன்வேயர், தூசி வெளியே பறக்கக் கூடாத இடத்துக்கும், வளைந்து போக வேண்டிய பாதைக்கும் ஏற்றது. முதலீடு அதிகம் என்றாலும், ஊருக்குள் கடந்து போகும் நிலக்கரிப் பாதைக்கு அதுவே நியாயமான தேர்வு.

அரிசி ஆலைக்குக் கிரஷர் பெல்ட் ஏன் ஆகாது என்பதற்கு இப்போது காரணம் சொல்லலாம். கறுப்பு ரப்பரில் கலந்திருக்கும் கார்பன் தேய்ந்து அரிசியில் படியும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது; சாதாரண ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பி, விளிம்பு சுருண்டு, பக்கவாட்டில் ஓடத் தொடங்கும். எனவே உணவுத்தரச் சான்றுள்ள, எண்ணெய் தாங்கும் வெள்ளை நைட்ரைல் ரப்பரோ பி.வி.சி.யோ தேவை. வாளி எலிவேட்டரில் போடுவதானால் பெல்ட்டில் போல்ட் துளைகள் விழும் என்பதால், துளையிலிருந்து நெசவு கிழியாத குறுக்குவாட்டு உறுதியையும் பார்க்க வேண்டும். பறக்கும் உமித்தூசிக்கு நடுவே ஓடுவதால் நிலைமின் எதிர்ப்பும் அவசியம். பிஸ்கட், மிட்டாய் ஆலைகளில் மெல்லிய பாலியூரித்தேன் பெல்ட்டும், அடுப்புக்குள் கம்பிவலைப் பெல்ட்டும் ஓடுகின்றன. மீன், இறால் பதனிடும் இடங்களில் பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்த பெல்ட்டைப் பார்க்கலாம். அமெரிக்காவின் லூசியானாவில் இறால் தொழிலுக்காகவே 1970களின் தொடக்கத்தில் அது உருவானது. பழுதான துண்டை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம் என்பதும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம் என்பதும் அதன் சிறப்பு. உணவுப் பெல்ட்டுகள் பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பதற்குக் காரணம், உணவுப் பண்டங்களில் அந்த நிறம் அரிது, துண்டு உடைந்து விழுந்தால் உடனே கண்ணில் படும் என்பதே.

எந்த வகையை வாங்கினாலும் அதன் பலம் ஜாயின்டின் பலம்தான். நான்கு பிளைப் பெல்ட்டைப் படிப்படியாக உரித்து, ஏறத்தாழ 145 டிகிரி வெப்பத்தில் அழுத்தி வல்கனைஸ் செய்தாலும் ஒரு பிளையின் பலம் கழிந்து முக்கால் பங்கே மிஞ்சும். இரு முனைகளையும் கொக்கியால் இணைக்கும் இரும்பு ஃபாஸ்னர் போட்டால் பாதியை ஒட்டியே நிற்கும். படி உரிக்கும்போது கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கிக் கீழ்ப் பிளையின் நூலை வெட்டிவிட்டால், மேலே எவ்வளவு அழகாக ஒட்டினாலும் சில மாதங்களில் அந்தக் கோட்டிலேயே பெல்ட் அறும். ஆகவே ஜாயின்ட் போடும்போது உடனிருந்து ஒவ்வொரு படியையும் விரலால் தடவிப் பாருங்கள். உரசிச் சுத்தம் செய்த பரப்பில் வியர்வையோ தூசியோ விழ விடாதீர்கள். அரிசி ஆலையில் ஃபாஸ்னரே வேண்டாம், கழன்ற கொக்கி அரிசியோடு போய்விடும்.

கூடுதல் பிளை கேட்பதற்கு முன் உங்கள் புல்லியின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். தடித்த பெல்ட் சிறிய புல்லியில் வளைந்து வளைந்து பிளை பிரியும். அகலம் குறைவான கன்வேயரில் ஐட்லரின் குழிவுக்குள் படியாமல் விறைத்து நின்று ஒரு பக்கமாக ஓடும். கடைக்காரரிடம் அகலமும் நீளமும் மட்டும் சொன்னால் கையிருப்பில் இருப்பதைத்தான் தருவார். சரக்கின் பெயர், மிகப்பெரிய கட்டியின் அளவு, அது விழும் உயரம், அதிகபட்ச வெப்பம், எண்ணெய் உண்டா, சரிவு எவ்வளவு, மணிக்கு எத்தனை டன், மோட்டாரின் திறன், புல்லி விட்டம், தொய்வு எடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பெல்ட் வந்து இறங்கியதும் அதன்மேல் பொறித்த குறியீட்டை ஆர்டரோடு ஒப்பிட்டு, ஓரத்தில் மேல்கவர் கனத்தை வெர்னியரால் அளந்த பிறகே கையெழுத்திடுங்கள்.