குடித்தனக்காரர் ஏன் காலி செய்கிறார்?

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு வாடகை வருமானம் வரட்டும் என்று சென்னை பெரும்பாக்கத்தில் ஆறு போர்ஷன் உள்ள கட்டடம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். விலை 1 கோடியே 65 லட்சம். மாதம் 72,000 ரூபாய் வாடகை வருவதாகப் புரோக்கர் சொல்கிறார். நான் திருநெல்வேலிக்காரன், சென்னையில் அந்தப் பக்கம் பழக்கமே இல்லை. நல்ல ஏரியாதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 72,000 என்றால் வருடத்துக்கு 8,64,000. போட்ட முதலுக்கு 5 சதவீதத்துக்கும் மேல். சென்னையில் வீட்டு வாடகை பொதுவாக 3 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அதைத் தாண்டி ஒருவர் ஆசை காட்டினால் வாடகைக் கணக்கை ஊதிச் சொல்கிறார், இல்லையென்றால் விலை இறங்கியதற்கு அந்தத் தெருவிலேயே ஏதோ காரணம் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

‘நல்ல ஏரியா’ என்ற பேச்சை விடுங்கள். ஒரு தெருவில் வாடகைக்கு வீடே கிடைக்காது. இரண்டு தெரு தள்ளிப் போனால் டூ-லெட் போர்டு வெயிலில் வெளுத்துத் தொங்கும். நீங்கள் வாங்கப்போவது தெருவைத்தான்.

ஒரு வாரம் வந்து தங்குங்கள். வாங்க வந்தவராக யாரிடமும் பேசாதீர்கள். மகனுக்கு வாடகை வீடு பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். சின்னப் பொய்தான், பாவமில்லை. அக்கம்பக்கத்தில் டூ-லெட் போட்டிருக்கும் நாலைந்து வீடுகளுக்குள் போய் வாடகை, அட்வான்ஸ், எத்தனை நாளாகக் காலி என்று கேளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் வாடகை ஓனரின் ஆசை. படி வரைக்கும் வந்து பேரம் பேசிய பிறகு நிற்கும் தொகைதான் வாடகை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். கேன் தண்ணீர் போடும் பையனிடமும் பேசுங்கள். எந்த வீட்டில் யார் ஆறு மாதம்கூட நிற்கவில்லை, ஏன் போனார்கள் என்பது எந்தப் புரோக்கரை விடவும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது தண்ணீர். சென்னையின் தென்பகுதியில் வாடகையைத் தீர்மானிப்பது இதுதான். மழைக்காலத்தில் அதிகம், கோடையில் இல்லை என்று இரண்டு விதமாகவும் அடிக்கும். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே பல தெருக்கள் மூழ்கின. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி மூழ்கவில்லை, அதனால் ‘இங்கே தண்ணி வந்துச்சா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘மிக்ஜாம்ல எத்தனை நாள் கரண்ட் இல்லை? கீழ்வீட்டுக்காரங்க எங்க போய்த் தங்கினாங்க?’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் மழுப்ப முடியாது. ஈபி மீட்டர் பலகை சுவரில் தலைக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான். கட்டடத்தின் வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப்போட்டு, பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்ட தெருக்கள் இங்கே நிறைய. அந்தக் கீழ்த்தள போர்ஷன்களை அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலி என்றே கணக்கு வையுங்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் இன்னொரு முறை வாருங்கள். போர் தண்ணீர் உப்பா, வாரத்துக்கு எத்தனை லாரி, அந்தக் காசு யார் தலையில் விழுகிறது? 2019 கோடையில் லாரிக்காகக் காத்துக் கிடந்த அனுபவத்தை இந்தப் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் மறக்கவில்லை; வீடு பார்க்க வருபவர் ஹாலைப் பார்ப்பதற்கு முன் குழாயைத் திறந்து பார்ப்பார். பக்கத்துச் சோழிங்கநல்லூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, பெரும்பாக்கம் அப்போது சேரவில்லை. அதனால் குழாய்த் தண்ணீர், பாதாளச் சாக்கடை உண்டா, செப்டிக் டேங்க் லாரிதான் கதியா என்று தெருவாரியாக விசாரியுங்கள்.

இப்போது இருக்கும் ஆறு குடும்பங்களும் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஓஎம்ஆர் ஐடி கம்பெனி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை என்று கலந்திருந்தால் நல்லது. ஆறும் ஐடி என்றால் 2020-ஐ நினைத்துப் பாருங்கள்: வீட்டிலிருந்தே வேலை என்றதும் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள், ஓனர்கள் இ.எம்.ஐ. கட்டத் திணறினார்கள்.

மெட்ரோ வருகிறது என்று புரோக்கர் கட்டாயம் சொல்வார். உண்மைதான், இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து வரும் ஒரு தடம் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிறது. ஆனால் நாளை வரப்போகும் ரயிலுக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். வேலை முடியும்வரை தூசியும் நெரிசலும் உங்கள் குடித்தனக்காரருக்குத்தான்.

பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் வக்கீல் பார்ப்பார். அவரிடம் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். ஒன்று, பழைய ஆவணங்களிலோ கிராம வரைபடத்திலோ அந்த இடமோ ஒட்டிய சர்வே எண்ணோ ஏரி, தாங்கல், வாய்க்கால் புறம்போக்கு என்று வருகிறதா? இரண்டு, அனுமதி வாங்கிய வரைபடத்தில் எத்தனை வீடு? இரண்டு வீட்டுக்கு அனுமதி வாங்கி ஆறாகத் தடுத்திருப்பார்கள். மீட்டர்களை எண்ணினாலே பாதி தெரிந்துவிடும்.

கடைசியாக, பலரும் கோட்டைவிடும் இடம் அட்வான்ஸ். ஆறு குடும்பங்களும் கொடுத்த அட்வான்ஸ் இப்போது பழைய ஓனர் கையில் இருக்கிறது. நாளை காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு பேசியிருந்தாலொழிய மூன்று மாத வாடகைதான் முன்பணம். ஆனால் சென்னையில் பழைய பழக்கத்தில் பத்து மாதம் வாங்கியவர்களும் உண்டு. பத்து மாதம் என்றால் இந்தக் கட்டடத்துக்கு 7,20,000 ரூபாய். குடும்பம் குடும்பமாக ஒப்பந்த நகலை வாங்கி, தொகையை அவர்கள் வாயாலேயே கேட்டு உறுதிசெய்து, விலையில் கழித்துக்கொண்டு, அதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.