பழைய விண்டோஸ் 7 கணினி: ‘ஃபார்மட்’ செய்ய அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: அழைப்பிதழ், நோட்டீஸ், பில் புத்தகம் அச்சிடும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். 2012-இல் வாங்கிய கணினியில் விண்டோஸ் 7 (32 பிட்), பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், பழைய தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. இப்போது கணினி தயாராகவே பத்து நிமிடம் ஆகிறது. காலையில் போட்டால் தேதி 2012-க்குப் போய்விடுகிறது. இணையதளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கின்றன. ஃபார்மட் செய்து விண்டோஸ் 10 போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ஃபார்மட் என்றால் வட்டில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளில் இரண்டுக்கு ஒரே காரணம்தான். அந்தக் காரணத்துக்கும் விண்டோஸுக்கும் தொடர்பே இல்லை. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கணினியின் கடிகாரத்தை ஓடவைக்க மதர்போர்டில் சிஆர் 2032 என்ற வட்டமான சிறு பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்துவிட்டதால்தான் தேதி பின்னுக்குப் போகிறது. ஒவ்வோர் இணையதளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழ் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே குறித்திருக்கும். இன்றைக்கு 2012 என்று நம்பிக்கொண்டிருக்கும் கணினி, அந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று கருதித் தளத்தைத் தடுத்துவிடுகிறது. பேட்டரி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதை மாற்றிச் சரியான தேதியை வைத்துவிட்டால் இந்த இரண்டு தொல்லைகளும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கணினியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் வரும் பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகள்) திரையில், வட்டோடு கணினி பேசும் முறையைக் குறிக்கும் ‘சாட்டா மோடு’ என்ற வரிக்கு எதிரே ஐடிஇ என்று இருக்கிறதா, ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்பதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும்போது அந்த அமைப்பு மாறிப்போனால், விண்டோஸ் 7 நீலத்திரை காட்டி, 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நின்றுவிடும். பழைய அமைப்பையே திரும்ப வைத்தால் அடுத்த நிமிடம் சரியாக இயங்கும். இதை அறியாமலோ, அறிந்தும் சொல்லாமலோ, ‘விண்டோஸ் கெட்டுவிட்டது’ என்று கூறி ஃபார்மட் செய்து பணம் வாங்கியவர்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு வரியை மாற்றினால் தீரும் கோளாறுக்காக ஒருவருடைய பத்தாண்டு வேலை அழிக்கப்படுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்றாவது தொல்லையான மந்தநிலைக்குப் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். பத்தாண்டுகளுக்கு மேல் சுழன்ற வட்டு அது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். நீல நிறம் காட்டினால் நலம். மஞ்சளோ சிவப்போ காட்டினால் வட்டு சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் டீஃபிராக் (வட்டில் சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை) செய்யாதீர்கள். வட்டைச் சோதிக்கும் ‘செக்டிஸ்க்’ நிரலை ஓட்டிப் பழுது பார்க்கவும் யாரையும் விடாதீர்கள். நோயுற்ற வட்டை மணிக்கணக்கில் ஓடவிடுவதுதான் அது. கோப்புகளை வெளியே எடுப்பதற்குள் வட்டு நின்றுபோகலாம். முதலில் நகல், பிறகுதான் பழுது. ராம் (தற்காலிக நினைவகம்) கூட்டினால் வேகம் வரும் என்று 8 ஜிபி விற்க வருபவரையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். 32 பிட் விண்டோஸ் 7 நான்கு ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

எதையெல்லாம் நகல் எடுப்பது என்பதில்தான் அச்சகத்தார் ஏமாந்துபோகிறார்கள். பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் முழுவதையும் எடுக்க வேண்டும். உங்களுடைய பழைய எழுத்துருக்கள் யூனிகோடு (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரம்) அல்ல. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு இல்லாவிட்டால் உங்கள் பத்தாண்டு அழைப்பிதழ்களும் இப்படிப்பட்ட குறிகளாகவே தெரியும். இணையத்தில் அதே பெயரில் கிடைப்பது உங்களிடம் இருக்கும் அதே பதிப்புதான் என்பதற்கு உறுதியும் இல்லை. ஓர் எழுத்தின் அகலம் சற்று மாறினாலும் வரிகள் உடைந்து பக்கம் குலைந்துவிடும். தட்டச்சு மென்பொருளின் நிறுவல் கோப்பு, அதன் பதிவு எண், மறுபடி தேவைப்படக்கூடிய வேலைகளின் பிடிஎஃப் ஆகியவற்றையும் சேர்த்து, இரண்டு வெளி வட்டுகளில் எடுத்து வையுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மாட்டியவர்கள் மீள்வது கடினம். பழைய இந்திய மொழி மென்பொருள்கள் சிலவற்றுக்கு ‘டாங்கிள்’ எனப்படும் ஹார்ட்வேர் லாக் உண்டு. கணினியின் பின்புறம், பழைய பிரின்டர் கேபிள் மாட்டும் அகலமான துளையிலோ யுஎஸ்பி துளையிலோ விரலளவு கட்டையாக அது செருகியிருக்கும். அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. அப்படி ஒன்று இருந்தால், நகல் எடுப்பதால் மட்டும் நீங்கள் பாதுகாப்பாகிவிடவில்லை. அதை இயக்கும் டிரைவர் 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்டதாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் அது வேலை செய்யாது. புதிய கணினிகள் பலவற்றில் அந்த அகலமான துளையே கிடையாது. மென்பொருள் நிறுவனம் அந்தப் பதிப்பைக் கைவிட்டிருந்தால் புதிய டிரைவரும் வராது. ஆகவே டாங்கிள் உள்ளவர்கள் எந்த மாற்றத்துக்கும் முன்னால் அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பதிப்புக்கு 64 பிட் டிரைவர் உண்டா, டாங்கிள் பழுதானால் மாற்றித் தருவார்களா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வந்தால், இப்போதைய கணினியை அப்படியே காப்பாற்றுவதே உங்கள் வேலை. புதுக் கணினியை மற்ற வேலைகளுக்குத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பெருக்கித் துடைக்கும்போது டாங்கிள் தொலைந்துபோகாதபடி அதைக் கணினியோடு நூலால் கட்டிவைப்பதும் நல்லது.

இனி வட்டை மாற்றுவது. சாட்டா வகை எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு) ஒன்றை வாங்கிப் பழைய வட்டை அப்படியே அதில் பிரதி எடுத்தால், எதையும் புதிதாக நிறுவாமலே பத்து நிமிடம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். கன்ட்ரோல் பேனலில் ‘பேக்அப் அண்ட் ரீஸ்டோர்’ பகுதியில் உள்ள ‘சிஸ்டம் இமேஜ்’ வசதியே இதற்குப் போதும். ஆனால் அந்த இமேஜ், பழையதைவிடச் சிறிய வட்டில் இறங்காது. உங்களிடம் 500 ஜிபி வட்டு இருந்தால், 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால் தோல்விதான். 512 ஜிபி வாங்குங்கள். பழைய வட்டைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் கொடுக்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் முகவரிகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

விண்டோஸ் 10 யோசனைக்கு வருகிறேன். விண்டோஸ் 7-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றன என்பது உண்மைதான். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஓட்டைக் கூரையிலிருந்து இன்னோர் ஓட்டைக் கூரைக்கு மாறக் கூலி கேட்கிறார் அவர். அவர் போடுவது உரிமம் உள்ள பிரதிதானா என்று கேளுங்கள். பில் தருவாரா என்றும் கேளுங்கள். உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டும் ‘ஆக்டிவேட்டர்’ ஒன்றை ஓட்டுவதற்காக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டும் என்று சொல்லி உங்கள் கணினியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நன்றாக வேலை செய்யும் ஒரு கருவியைக் குப்பையாக்கிவிட்டு, பில் புத்தகம் அச்சிட்டுப் பிழைக்கும் ஒருவரைப் புதிய கணினி வாங்கச் சொல்வதை முன்னேற்றம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இதைப் பற்றி நிறுவனங்களுக்கும் கவலையில்லை, அவற்றைக் கேள்வி கேட்க வேண்டியவர்களுக்கும் கவலையில்லை.

அதற்காக, ஆதரவு நின்ற விண்டோஸ் 7-ஐ வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது, பெரும்பாலும் திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகளில்தான். குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. எனவே இணையக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இந்தக் கணினி வடிவமைப்புக்கும் அச்சுக்கும் மட்டும் இருக்கட்டும். ஜிஎஸ்டி, வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றை வேறு கருவியில் பாருங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை நேராக இதில் செருகாமல், அந்த வேறு கருவியில் வைரஸ் சோதனை செய்து, வேண்டிய கோப்பை மட்டும் உங்கள் சொந்தப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள்.