பாட்டு உங்களுடையது, உரிமை யாருடையது?

இசைத்துறையில் கால்பதிக்க விரும்பும் மலேசிய வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எனக்கு வயது 24. பகலில் ஒரு கிடங்கில் வேலை, வார இறுதியில் திருமண விருந்துகளில் பாடுகிறேன். சொந்தச் செலவில் இரண்டு பாடல்களைப் பதிவு செய்து யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் வெளியிட்டேன். நண்பர்கள் பாராட்டியதோடு சரி. சென்னைக்குப் போனால்தான் விடிவு பிறக்குமா?
– வாசகர், செந்தூல்

பதில்: சென்னைக்குப் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் பெயரோ படைப்போ இல்லாமல் அங்கே போய் நிற்பவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ட்ராக் பாடும் வேலைதான். மெட்டு எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக இசையமைப்பாளர் உங்களைப் பாடவைப்பார். பிறகு உங்கள் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிரபலமான பாடகரின் குரலை வைத்துவிடுவார்கள். நல்ல பயிற்சிதான், ஆனால் அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. நம் ராப் பாடகர் யோகி பி 1990களில் போயட்டிக் அம்மோ குழுவில் பாடி, 2006இல் நட்சத்ரா குழுவுடன் தமிழ் ராப் ஆல்பம் வெளியிட்டு, இங்கே பெயர் பெற்ற பிறகு தமிழ்த் திரைப்படங்களிலும் பாடினார். பினாங்கிலிருந்து வந்த அலிகேட்ஸ் குழுவின் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களோ மலாய்ப் பாடல்களின் வழியாகவே நாடு முழுவதும் அறியப்பட்டார்கள். தமிழில் மட்டுமே பாடுவேன் என்பது மதிக்கத்தக்க முடிவு. ஆயினும், இந்த நாட்டில் அது சந்தையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் பாடும் முடிவு என்பதையும் தெரிந்தே எடுக்க வேண்டும்.

உண்மையில் நீங்கள் ஏற்கெனவே இசைத்துறைக்குள்தான் இருக்கிறீர்கள். விருந்தில் உங்களுக்கு கீபோர்ட் வாசிப்பவர் மறுநாள் யாரோ ஒருவரின் பாடலுக்கு இசைக்கோவை செய்துகொண்டிருப்பார்; கோரஸுக்கு ஒரு குரல் தேவைப்படும்போது, முந்தைய வாரம் தமக்குத் தொல்லை கொடுக்காத பாடகர்தான் அவருடைய நினைவுக்கு வருவார். எட்டு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து மணிக்கே சவுண்ட் செக்கிற்கு வந்து, தாம் பாடப்போகும் பாடல்களையும் ஒவ்வொன்றின் சுருதியையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பவரை எந்த இசைக்குழுவும் மறுபடியும் கூப்பிடும். மேடையேறிய பிறகு "அரைச் சுருதி இறக்குங்க அண்ணா" என்று சைகை காட்டுபவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அடுத்த முறை அழைப்பு வராது. குரல் வளத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வெளியிட்ட இரண்டு பாடல்களைப் பொறுத்தவரை, 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒலிப்பதிவு ராயல்டி கணக்கிடுவதில்லை. எனவே வருமானத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மின்னல் எஃப்.எம்., ராகா ஆகிய வானொலிகளுக்குப் பாடலை முறையாக அனுப்பிப் பாருங்கள். எம்.பி.3 போதாது, வேவ் கோப்பும், எழுத்துப்பிழை இல்லாத பாடல் வரிகளும், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களும் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். குரல் இல்லாத மைனஸ் ஒன் வடிவத்தையும் ஸ்டூடியோவிலிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சியிலோ மேடையிலோ பாட அழைப்பு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: நண்பரின் குறும்படத்திற்கு 500 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு ஒரு பாடல் அமைத்துக் கொடுத்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. இப்போது அதை என் பெயரில் தனியாக வெளியிடலாம் என்றால், "அது எங்கள் படத்தின் பாட்டு" என்று தடுக்கிறார். மெட்டும் வரிகளும் என்னுடையவை அல்லவா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நீங்கள் படைத்தவைதான், ஆனால் சட்டம் உங்கள் நண்பர் பக்கம் சாய வாய்ப்பு உண்டு. நமது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்து கொடுக்கப்பட்ட படைப்பின் உரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், செய்யச் சொன்னவருக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும். படைத்தவர் என்ற பெயர் உங்களிடம் இருக்கும், உரிமை அவரிடம் போய்விடும். இதை அறியாமல் குறும்படத்திற்கும் விளம்பரத்திற்கும் மெட்டுப் போட்டுக் கொடுக்கும் இளைஞர்கள் ஏராளம். "நண்பர்தானே, எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பார்" என்ற தயக்கமே இதற்குக் காரணம். நட்பைக் காப்பதற்காகவே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் நிலம் என்றால், ஸ்டூடியோவில் உருவான ஒலிப்பதிவு அதன்மேல் கட்டிய வீடு; நிலத்துக்காரரும் வீட்டுக்காரரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். அதனால்தான் பணம் வசூலிக்கும் அமைப்புகளும் வேறுபடுகின்றன. வானொலியிலோ பொது இடத்திலோ பாடல் ஒலிக்கும்போது, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிய தொகையை எம்.ஏ.சி.பி. வசூலிக்கிறது, ஒலிப்பதிவின் உரிமையாளருக்காக பி.பி.எம்., பதிவில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்குமாக ஆர்.பி.எம். இயங்குகின்றன. தாமே எழுதி, மெட்டமைத்து, பாடி, பதிவுச் செலவையும் ஏற்பவர் இந்த மூன்று பக்கத்திலும் உரிமை கோரலாம். நம் கலைஞர்கள் பலர் எதிலும் உறுப்பினராகாமலேயே "இங்கே ராயல்டி எல்லாம் கிடைக்காது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் வழக்கிற்கு வருகிறேன். 500 வெள்ளிப் பாட்டுக்கு வழக்கறிஞரிடம் போனால் கட்டணமே அதைவிட அதிகமாகிவிடும். நண்பரை நேரில் சந்தித்து, படத்திலும் அதன் முன்னோட்டத்திலும் பாடலைக் காலவரையின்றிப் பயன்படுத்தும் அனுமதி அவருக்கு, மற்ற உரிமைகள் அனைத்தும் உங்களுக்கு என்று அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதால் வாட்ஸ்அப் குரல்பதிவை நம்பாதீர்கள். அவர் தனி வெளியீட்டின் வருமானத்தில் பங்கு கேட்டால் ஒரு பகுதியைக் கொடுத்துவிடலாம். மொத்தமாக இழப்பதைவிட அது மேல். இது முடிந்ததும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் பதிப்புரிமை அறிவிப்பைத் தாக்கல் செய்யுங்கள். 2012 முதல் நடைமுறையில் உள்ள இந்த வசதி கட்டாயமில்லை. உரிமை படைத்தவுடனேயே பிறந்துவிடுகிறது. ஆனால் பிற்காலத்தில் தகராறு வந்தால் அந்தப் பதிவேட்டின் நகல் முதல்நிலைச் சான்றாக நிற்கும்.

இனிமேல் ஸ்டூடியோவை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதிவிடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் எல்லாருக்கும் தங்கள் பங்கு பெரிதாகத் தெரியும்.

கேள்வி: மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு இசைதான் படிப்பேன் என்கிறான். கிட்டார் நன்றாக வாசிப்பான், ஆனால் நோட் (இசைக் குறியீடு) படிக்கத் தெரியாது. அனுப்பலாமா?
– ஒரு தாயார், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கோலாலம்பூரில் உள்ள தேசியக் கலை அகாடமியான அஸ்வாராவில் இசை டிப்ளோமாவும் பட்டப்படிப்பும் இருக்கின்றன, உங்கள் ஊரிலேயே யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியில் இசை கற்பிக்கிறார்கள். அஸ்வாராவில் சேர்வதற்கு வாசித்துக் காட்ட வேண்டும். எனவே, இப்போதே ஓர் ஆசிரியரிடம் விட்டு நோட் படிக்கவும் பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் கோட்பாட்டுத் தேர்வு எழுதவும் சொல்லுங்கள். சில மாதங்கள் அந்தச் சலிப்பூட்டும் பயிற்சியைத் தாக்குப்பிடித்தால் தாராளமாக அனுப்பலாம். அதைத் தட்டிக்கழித்தால், வேறொரு படிப்பில் சேர்த்துவிட்டு வார இறுதியில் இசைக்குழுவில் வாசிக்க விடுங்கள். அந்த வழியாகவும் இந்தத் துறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.